உச்சியில் இறங்கிய மேகம்

அப்பா ராஜாங்கத்தையும் மனைவி ராதிகாவையும் கூட்டிக்கொண்டு சிவசங்கர் கரியாலூர் மலையுச்சியை அடைந்ததுமே மேகம் வந்து மூடிக்கொண்டது. பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை.

"ராதிகா! எங்கம்மா கீற?" ராஜாங்கம் கத்தினார்.

பதில் இல்லை. அவள் நின்ற பக்கம் பெரும் பள்ளம்.

"இப்பதான்பா இங்க நின்னுக்கினு இருந்தா!" சிவசங்கர் குழம்பிப்போய்க் கைகளால் துழாவினான். வளையல் தட்டுப்பட்டது.

"ராதிகா! கண்ணு! கொரல் குடும்மா!" ராஜாங்கத்தின் குரல் உடைந்தது.

"வாயத் தொறயேன்டி. அப்பா பயந்துகினு கீறாரு," என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

"நம்ம கல்யாணத்துலேர்ந்து மாமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்லியேங்க. இன்னொரு தபா கூப்புடட்டும்."

"ராதிகா!"

"தோ கீறேன் மாமா!" அவள் அழுதேவிட்டாள்.

ராஜாங்கம் தரையைத் தடவித் தவழ்ந்து வந்து மருமகளின் கையைப் பிடித்தார். மலையிறங்கும்வரை விடவே இல்லை.