மறைந்த புள்ளி

டிலக்ஷியின் போனில் பச்சைப் புள்ளியைக் காணவில்லை. கணவன் கிறிஸ்தோபரின் படகு மூன்று நாளாக நடுக்கடலில் அசையாமல் நிற்பதாகக் காட்டிக்கொண்டிருந்த புள்ளி அது.

"மாதாவே!" என்று கத்தியவள் செருப்பும் போடாமல் மீனவர் சங்கத்துக்கு ஓடினாள். படகு கரையேறியதும் அதிலுள்ள இடங்காட்டும் கருவியை அணைப்பார்கள், புள்ளி மறையும். காத்திருக்கும் பெண்களுக்கு அதுதான் நல்ல சேதி.

வயர்லஸைப் பிடுங்கி, தேடப் போயிருந்த அண்ணன் அஞ்சலோவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தேடினது போதும், திரும்பி வாங்கோ! புள்ளி மறைஞ்சிட்டுது, அவர் வந்திட்டார்!"

"மெய்யாவோ?" அஞ்சலோ கேட்டான். "உடனே திரும்புறம், தங்கச்சி."

இறங்குதுறையில் கிறிஸ்தோபரின் படகு இல்லை. ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டு போனவளிடம் ஜெனிஸ்டன் மூச்சிரைக்க ஓடி வந்தான். சங்கத்துக்குப் புள்ளி காட்டும் அந்தச் செயலியைச் செய்து கொடுத்தவன் அவன்தான்.

"அக்கா, அவர் கருவியை அணைக்கேல்லை. முழு விபரமும் ஆபீஸ் கம்ப்யூட்டரில கிடக்கு. போன் பாரம் தாங்காதெண்டு கடைசி மூண்டு நாளையான் விபரத்தை மட்டும்தான் உங்கட போனுக்கு எடுக்கிறம். கிறிஸ்தோபர் அண்ணையின்ர படகில இருந்து கடைசியா வந்த தகவல் இண்டைக்கு மூண்டு நாளைத் தாண்டிப் பழசாப் போச்சு. அதான் புள்ளியும் போச்சு."

"அப்ப அவர்?"

ஜெனிஸ்டன் கடலைக் கைகாட்டினான்.

துறைமுக வாயிலில் எஞ்சின் சத்தம் கேட்டது. தேடப் போன இரண்டு படகுகளும் அவள் பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தன. முன்னால் நின்ற அஞ்சலோ, தங்கச்சியைக் கண்டதும் சிரித்தபடி கையசைத்தான்.