மூன்றாவது வரிசைக் கதாநாயகன்

“உங்க கதைக்கு இந்த மாதிரி ஆம்பளைங்களை எங்கேருந்துக்கா பிடிச்சுட்டு வர்றீங்க?”

புகையிலை நரம்பு உரிக்கிற எனெய்தா எழுந்து நின்று கேட்டாள். பினார் தெல் ரியோ ஊர்ச் சுருட்டுத் தொழிற்சாலையின் இருநூறு ஜோடிக் கைகளும் நின்றன.

மேடையில் இருந்த காதல் நாவலாசிரியை மிக்தாலியா அலட்டிக்கொள்ளவே இல்லை.

“எங்கே போய்ப் பிடிக்கறது? வீட்லயே இருக்காரு. அதோ, மூணாவது வரிசை, ஜன்னலோரம்.”

அங்கே சுருட்டு உருட்டுகிற அவள் புருஷன் ஃபெர்மின், குனிந்த தலையை இன்னும் குனிந்துகொண்டான்.

இலை வெட்டும் கத்தியைப் பலகையில் தட்டினால் இங்கே அது கைதட்டல். இருநூறு கத்தியும் தட்டிய தட்டில், தெருவில் நின்ற குதிரை வண்டி, வண்டிக்காரன் ஏறுவதற்குள் கிளம்பிப் போய்விட்டது.

“காதல் எழுத நிலா வேணுமாக்கா, கடல் வேணுமா?” எனெய்தா விடவில்லை.

“ரெண்டும் வேணாம். ஆம்பளை ஒருத்தன் தட்டு கழுவினா போதும். நாயகியும் மயங்குவா, கேக்கறவளும் மயங்குவா.”

மறுபடி கத்திகள்.

மயங்காதவள் ஒதாலிஸ் ஒருத்திதான். வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் அந்த மேடையிலிருந்து கதை வாசிப்பவள். வாசித்து முடித்த கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கடந்த மூன்று வருஷத்தில் மிக்தாலியாவின் மூன்று நாவல்களையும் அவள்தான் வாசித்தாள். நாலாவதை வாசிப்பதா, வேறு கதை எடுப்பதா என்று காப்பி இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் கை தூக்கி ஓட்டு.

இடைவேளை வந்ததுமே, மிக்தாலியாவை இலை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“அடியே, நான் நாலு வருஷம் முன்னால வீடு மாத்தற வரைக்கும் உன் பக்கத்து வீட்டுக்காரி. உன் புருஷன் நாற்காலியை விட்டு எழுந்து நான் பாத்ததே இல்லை. நீ தண்ணி தூக்கினே, துவைச்சே, மிச்ச நேரத்துல எழுதினே. அவன் டொமினோ ஆடினான்.”

“ஆமா.”

“என்னடி ஆமா? கதையில புளுகு, அது தொழில். மேடையில எதுக்குப் புளுகறே? நான் வாசிச்சதை நம்பி, நாளைக்கு எனெய்தா ஒரு சோம்பேறியைக் கட்டிக்கிட்டு, எப்போ தட்டு கழுவுவான்னு காத்துக் கிடப்பா.”

“அதனால?”

“எல்லாம் கற்பனைதான்னு நீயே ஒத்துக்கோ. இல்லேன்னா மைக்குல நான் போட்டு உடைப்பேன். அப்புறம் உன் புத்தகத்துக்கு ஒரு கைகூட எழாது.”

மிக்தாலியா நிதானமாகக் காப்பியை உறிஞ்சினாள்.

“தாராளமா உடை. அதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேட்டுடு.”

ஒதாலிஸ் விறுவிறுவென்று மூன்றாவது வரிசைக்கு நடந்தாள்.

“ஃபெர்மின், அந்தப் புத்தகத்துல வர்றவன் நீதானா? உண்மையைச் சொல்லு.”

அவன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தான்.

“எல்லாம் உன்னால வந்த வினை.”

“என்னாலயா!”

“முதல் புத்தகத்துல அவன் விடியக்காலையில பொண்டாட்டிக்குப் படுக்கையிலேயே காப்பி கொண்டுபோய்க் குடுத்தான்னு வாசிச்சே. ‘இது என் ஃபெர்மினுக்கு’ன்னு முதல் பக்கத்தையும் சேத்து வாசிச்சே. அன்னைலேருந்து தினம் நான் உள்ளே நுழைஞ்சா வரிசையே கேக்குது, ‘என்ன நாயகரே, காப்பி ஆச்சா?’ன்னு. எத்தனை நாள்தான் முழிக்கறது? போட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“ரெண்டாவதுல அவன் துணி துவைச்சான். நானும் துவைச்சேன். மூணாவதுல டான்ஸ் ஆடிட்டான், படுபாவி. அம்பத்தெட்டு வயசுல, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நானும் ஆடினேன் தாயே.”

மணி அடித்தது. ஒதாலிஸ் மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள். மூன்றாவது வரிசையை ஒரு தரம் பார்த்தாள்.

“மிக்தாலியாவோட நாலாவது நாவலுக்கு... யார் யார் கை தூக்கறீங்க?”

கேட்டு முடிப்பதற்குள் முதல் கை எழுந்தது. ஃபெர்மினின் கை. பின்னாலேயே கூடம் முழுக்கக் கைகள்.

வீட்டுக்குப் போகும்போது ஒதாலிஸ் அவனருகே நின்றாள்.

“இவ்வளவு அவஸ்தைப்பட்டவன், மறுபடி எதுக்குய்யா கையைத் தூக்கினே?”

ஃபெர்மின் அவளை விநோதமாகப் பார்த்தான்.

“தூக்காம? அடுத்தது நான் எப்படி ஆகப்போறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?”