நாக்குக்கடியில் ஒரு நண்டு

கோட்டை வாசலில் காவலன் பாடையை நிறுத்தச் சொன்னதும் மீர்த்தோ அதை ஒட்டி வந்து நின்றாள்.

பாடையில் கிடந்தவன் அவள் புருஷன் நிகோன். சாகவில்லை. அது அவளுக்கும், தூக்கி வந்த நான்கு கிழட்டு மாமன்களுக்கும் மட்டுமே தெரியும்.

கிரேக்க நகரமான அக்ராகஸின் அரசன் போருக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். திடமான ஆண்பிள்ளை எவனும் கோட்டை வாசலைத் தாண்ட முடியாது, பிணமாகத்தான் போக வேண்டும். மீர்த்தோவின் அண்ணன்மார் இருவர் போருக்குப் போனவர்கள், திரும்பவே இல்லை. இவனையும் வாரிக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

பிணம்போல் தூங்க வைக்க, கசகசாச் செடியின் பாலில், அதாவது அபினில், மூன்று சொட்டு போதும் என்றிருந்தாள் மருத்துவச்சி. நிகோனோ இருமல்காரன். வாசலில் வந்து இருமித் தொலைத்தால்? மீர்த்தோ இன்னும் மூன்று சொட்டு சேர்த்து விட்டாள். மனிதன் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

பாதாள ஆற்றின் படகுக்காரனுக்குக் கூலியாக ஒரு வெண்கலக் காசை அவன் நாக்குக்கடியில் வைத்தாள். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் நண்டு. வெள்ளிக் காசிலும் இதே கழுகும் நண்டும்தான். அதனால் பிணத்தோடு வெள்ளி போகிறதா என்று வாசலில் காசை வாங்கிப் பார்க்கிறார்கள்.

முன்னால் போன பாடையின் காசைக் காவலன் உள்ளங்கையில் வாங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. உயிருள்ள வாயில் கிடந்த காசு சூடாக இருக்குமே!

"எடும்மா சீக்கிரம். பொணத்தைத் தொட்டா எனக்குத் தீட்டு. அதென்ன, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோம்? அடிக்கிற புருஷனோ?"

பயத்தில் அவளுக்கு அழுகைகூட மறந்துபோயிருந்தது.

பாதாளத்துத் தாயே, அந்தக் காசு மட்டும் குளிர்ந்திருக்கட்டும். உனக்குக் கறுப்பு ஆட்டுக்குட்டி தருகிறேன்.

குனிந்து, அவன் நாக்குக்கடியில் விரலை விட்டாள்.

காசு குளிர்ந்திருந்தது.

நாக்கும்.

காவலன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். நண்டைக் கட்டைவிரலால் தேய்த்தான். அவள் கையிலேயே திருப்பிப் போட்டான்.

"வெண்கலந்தான். வாயில வச்சிட்டுக் கெளம்புங்க."

வைத்தாள். பாடை நகர்ந்தது.

வாசலைத் தாண்டியதும் மீர்த்தோ தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். மண்ணில் விழுந்து புரண்டாள்.

முன்னால் தூக்கிப்போன மாமன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"போதும்டி மவளே! வாசல் தாண்டியாச்சு. இன்னும் எதுக்கு நடிக்கிற?"