கூட ஒரு ஆள்

"நீ செஞ்சாத்தான் நானும் செய்வேன்."

காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு அம்மா சொன்னாள்.

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்றுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். தோளில் பை அப்படியே இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் நீயே செஞ்சுக்கோயேம்மா. உடம்பெல்லாம் அசதியா இருக்கு."

"அப்ப விடு. எனக்கும் வேண்டாம்."

மகள் பெருமூச்சு விட்டாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, ரப்பர் பட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த அத்தை, சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை என்றால், காலமான அப்பாவின் தங்கை.

அம்மாவுக்கு இருப்பது பரம்பரை நரம்புக் கோளாறு. அவளுடைய அப்பாவுக்கும் இருந்தது. பாதத்துக்குப் போகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். முன்பாதம் மேலே எழும்பாது. சமதரையிலேயே தடுக்கும். அடியோடு குணமாக்க மருந்து கிடையாது. ஆனால் தினசரிப் பயிற்சி, அளவான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், ரத்தத்தில் குறைகிற சத்துக்கு மாத்திரை என்று ஒழுங்காக இருந்தால் நல்லபடியாக நடமாடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அத்தையும் வரும்போது நரம்புக்கு நல்லதென்று ஒரு டப்பா பொடி வாங்கி வந்திருந்தாள். மகள் அதன் லேபிளைப் படித்துப் பார்த்து, "டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கலாம் அத்தை. சில சத்து அதிகமானா நரம்பையே கெடுக்கும்" என்று பக்குவமாக எடுத்து வைத்துவிட்டாள்.

அவ்வளவு பொறுப்பான பெண். அவளைப் போய் அண்ணி இந்தப் பாடு படுத்துகிறாளே!

மகள் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுத்தால்தான் அம்மாவும் இழுத்தாள். மகள் எழுந்து குதிகாலில் நடந்தால்தான் அம்மாவும் எழுந்தாள். அதிலும் ஆயிரம் கோணல்.

"தப்பாச் செய்யறேம்மா. முன்பாதத்தைத் தூக்கு. இப்படி!"

"எப்படி? இன்னொரு தடவை காட்டு."

மகள் காட்டினாள்.

"புரியலையே. மெதுவா நடந்து காட்டு."

மறுபடியும் காட்டினாள்.

மாத்திரை விஷயத்திலும் இதே கூத்துதான். மகளையும் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போய், அவளுக்கும் சத்து குறைகிறது என்று டாக்டர் வாயால் சொல்ல வைத்து, இப்போது இரண்டு பேரும் சேர்ந்து போடுகிறார்கள்.

மகள் குளிக்கப் போனதும் அத்தையால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் போன பிறகு இந்தக் குடும்பத்தை ஒத்தை ஆளாத் தாங்கறா. வந்ததும் வராததுமா அவளைப் போட்டு வாட்டறீங்களே! உடம்பு சரியில்லாதது உங்களுக்கா, அவளுக்கா?"

அம்மா குளியலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சட்டென்று எழுந்தாள். எதையும் பிடிக்காமல், முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு, டைல்ஸ் கோட்டை ஒட்டிக் குதிகாலிலேயே சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

அத்தை வாயைப் பிளந்தாள்.

"காலையில அவ வேலைக்குப் போனதும் எல்லாத்தையும் முடிச்சிடுவேன். சாயங்காலம் செய்யறது அவளுக்காக."

"அவளுக்காகவா?"

"வாசல்ல அவ ஷூ இருக்கு, பாரு. நுனி மட்டும் தேஞ்சிருக்கும். எனக்கும் அவ வயசுல அப்படித்தான் ஆரம்பிச்சுது. அவளுக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருக்கு." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "நரம்பு டெஸ்ட் எடுடின்னா, 'எனக்கு ஒண்ணும் இல்லே, சும்மா இரு'ன்னு எரிஞ்சு விழறா. தனக்காகன்னா துரும்பைக்கூட அசைக்க மாட்டா. அம்மாவுக்காகன்னா செய்யறா. அதான் இந்த நாடகம். நீ பாட்டுக்கு உளறி வைக்காதே."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியின் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மகள் தயாராகி வந்து, ஊருக்குத் திரும்பும் அத்தையை பஸ் ஏற்றிவிடக் கிளம்பினாள். வழியெல்லாம் அத்தையின் பார்வை அவள் பாதத்தைவிட்டு நகரவில்லை.

"அம்மா சொல்லிட்டாங்களா?"

அத்தை திடுக்கிட்டாள். "எ... எதை?"

"என் காலைப் பத்தி." மகள் சிரித்தாள். "போன வருஷமே டெஸ்ட் எடுத்துட்டேன் அத்தை. எனக்கும் இருக்கு."

அத்தை நடுரோடு என்றும் பார்க்காமல் நின்றுவிட்டாள். அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு வந்தாள் மகள்.

"ஏண்டி அவங்ககிட்டச் சொல்லலே?"

"இருக்குமோன்னு சந்தேகப்படற வரைக்கும் எப்படி ஓடியாடி வேலை வாங்கறாங்க, பார்த்தீங்கல்ல? இருக்குன்னு தெரிஞ்சா, 'நான்தானே கொடுத்தேன்'னு மூலையில முடங்கிடுவாங்க. அவங்க பயிற்சியும் அன்னைக்கே நின்னுடும்."

பஸ் வந்து நின்றது. அத்தை படியில் ஏறித் திரும்பினாள்.

"அதுக்காகச் சொல்லாமலே விட்டுடப் போறியா?"

"சொல்லுவேன் அத்தை. 'எனக்கும் இருக்கும்மா, ஆனா பாரு'ன்னு ஒரு இடத்துலகூடத் தடுக்காம நடந்து காட்டிட்டுச் சொல்லுவேன். அதுவரைக்கும் என்னை ஏமாத்தறதா நினைச்சுச் சந்தோஷமா இருக்கட்டும்!"