மகாபலிபுரம் சவாரி

மயிலாப்பூர் மாட வீதியில் மல்லிகைப் பூ வாங்கி, ஆட்டோ சீட்டுக்கு அடியில் மறைத்து வைத்தான் வேலு. மனைவி தேவானை கோயிலுக்கென்று மத்தியானமே கிளம்பியிருந்தாள். அவள் கண்ணில் பட்டால் பூ யாருக்கு என்று கேட்பாளே என்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படித்தான். மகாபலிபுரம் சவாரி என்று பொய் சொல்வான். அவளும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள். அந்தச் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

கொட்டிவாக்கத்தில் கடலோரமாக ஒரு பங்களா. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள் என்று சொந்த ஊரில் வாய் திறக்க முடியாதவர்கள் ஆம்பூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, ஆடித் தீர்த்துவிட்டுப் போகும் இடம். முதல் தடவை வேலு கேட்டைத் தாண்டவே கூசினான். இப்போது வாட்ச்மேன் வணக்கம் வைக்கிறான்.

விளக்கு வைத்த பிறகு வந்தால் போதும் என்று நிலா வேலுவிடம் சொல்லியிருந்தாள். இன்று மனசு கேட்கவில்லை. வெயில் தாழும் முன்பே வந்து நின்றான்.

காலில் சலங்கையோடு ஓடி வந்தாள் நிலா.

"இன்னா நைனா, இப்பவே வந்துட்ட?"

சில வருடங்களுக்கு முன்பு மகனாக வீட்டை விட்டுப் போனவள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள், இங்கே ஆட வருகிறாள். இனி அந்தப் பிள்ளையின் பேச்சை எடுத்தால் செத்துவிடுவேன் என்று தேவானை அன்று தலையில் அடித்துக்கொண்டாள். வெளியேறிய பிள்ளையை வேலுவும் தடுக்கவில்லை.

பூவை நீட்டினான். இன்று தேவானையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னான். நிலா பதறிப்போய் வேண்டாம் என்றாள். வாசலை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள்.

தாய்மேல் நிலாவுக்கு இருந்த கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தான் வேலு.

"எத்தினி நாளிக்கு அவகிட்ட பொய் சொல்லிக்கினு இருக்கறது? அவ போடற சோத்த துன்ன முடியல, நிலா."

நிலா ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா பேசு நைனா. அம்மா உள்ளதான் கீது, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மாசாமாசம் சத்தியம் வாங்குது."