ஆறாவது ரவை

ஐந்து ரவைகள் உள்ளே விழுந்தன. ஆறாவது, துளையின் விளிம்பில் தட்டி நின்றது.

நிலாணி ரிவோல்வரைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினாள். வெடிமருந்தும் கேப்பும் இல்லாத, பயிற்சிக்கான வெறும் ரவைகள். அவற்றைத் திரும்பவும் ஸ்பீட்லோடரில் செருகினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குமிழ், ஆறு ரவைகளையும் வட்டமாகப் பிடித்து ஒரே தடவையில் உருளைக்குள் இறக்கிவிடும்.

இறக்க வேண்டும்.

மறுபடியும் ஒன்று தட்டியது.

"திங்கட்கிழமை இதைப் பொலிசில கொண்டுபோய்க் குடுத்திடுவம்," என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

பேஸ்மென்றின் மறுமூலையில் அவளுடைய கணவன் கீதன் ரவை செய்யும் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவதைச் சட்டம் நிறுத்திவிட்டது. ஏற்கனவே வைத்திருப்பவர்கள் வைத்திருக்கலாம். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான்.

நிலாணி விமான நிலையத்தில் பஸ் ஓட்டியவள். கூட வேலைசெய்த ஸ்டெபனி ஒரு சனிக்கிழமை அவளைத் துப்பாக்கி ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவளை வீட்டில் காண முடியவில்லை. சுடுவதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் கிளப்பில் இருந்தார்கள். ரவை மாற்றும் வேகத்தில் அவளுக்குக் கிட்ட வர ஆளில்லை.

போன கோடையில் பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தை இழுத்தது. பேச்சு திரும்பியது. கால் திரும்பியது. வலக்கை விரல்கள்தான் சொல்வழி கேட்கவில்லை.

தெரபிக்கு வந்த பெண் பிசைவதற்குக் களியும், துளைப்பலகையில் குத்துவதற்குக் கலர் கலராகக் குச்சிகளும் கொடுத்தாள். "நான் என்ன நேசறிப் பிள்ளையே?" என்று நிலாணி அவற்றை ஒதுக்கிவிட்டுப் பூட்டிவைத்த ரிவோல்வரை வெளியே எடுத்தாள். அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பின் இதே மேசை, இதே ஆறு ரவைகள்.

இந்த வார இறுதிக்குள் சரிவராவிட்டால் விட்டுவிடுவது என்று அவளே நாள் குறித்திருந்தாள்.

கீதன் ஒரு கடைசல் பட்டறையில் வேலைசெய்தான். ரேஞ்சுக்குள் அவன் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வெடிச்சத்தம் அவனுக்கு ஊரிலேயே போதும் என்றாகிவிட்டது. ஆனால் அவள் இதுவரை சுட்ட ரவைகள் எல்லாம் அவன் கையால் செய்தவை.

அவன் பயிற்சி ரவைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, பித்தளைக் கோதும் ஈயமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினான். நகம் தட்டியது. நல்ல கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவளுடைய கை இப்போது ஸ்பீட்லோடரைக் கொஞ்சம் சரித்துத்தான் பிடிக்கிறது. சரிந்து வரும் ரவையை அந்தக் கூர்விளிம்பு மறித்துவிடும்.

கையைத் திருத்த அவனுக்குத் தெரியாது. விளிம்பைத் திருத்தலாம்.

பிரஸ்ஸில் கோதின் வாயை மடிக்கும் டையைத் தளர்த்திக் கீழே இறக்கினான். முதல் ரவையில் கிரிம்ப், அந்த மடிப்பு, கூடிப்போய்க் கோது புடைத்துவிட்டது. அது துளைக்குள்ளேயே போகாது. எறிந்துவிட்டு டையை ஒரு மயிரிழை மேலே எடுத்தான். அடுத்ததில் கோதின் வாய் அழகாக உள்மடிந்து ஈயத்தோடு ஒட்டிக்கொண்டது. நகம் வழுக்கிக்கொண்டு போனது. அப்படியே ஆறு செய்து பிரஸ்ஸின் பக்கத்துத் தட்டில் வைத்தான். தேத்தண்ணி குடிக்க மேலே போயிருந்த நிலாணி திரும்பி வந்து மேசையடியில் உட்கார்ந்தாள்.

வாசல் மணி அடித்தது. பார்சல்காரன். கீதன் மேலே போய்க் கையெழுத்து வைத்து, வாசற்படிப் பனியைக் காலால் தள்ளிவிட்டு வந்தான்.

பேஸ்மென்ற் படியில் இறங்கும்போது அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

ஆறும் சேர்ந்து விழுந்தால் ஒரு சத்தம்தான். அதை அவன் போன கோடைக்குப் பிறகு கேட்டதில்லை. படியிலேயே நின்றுவிட்டான். ரவைகள் மேசையில் கொட்டுண்டன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டக்.

"என்னப்பா செய்தனீங்கள் உதுக்கு?" அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"கிரிம்ப்பைக் கொஞ்சம் இறுக்கினனான்."

"அப்ப இவ்வளவு நாளும் ரவையிலதான் பிழை. நான் என்ர கையைத் திட்டிக்கொண்டிருந்தன்."

அவள் ரிவோல்வரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். ஸ்டெபனியைக் கூப்பிடும் குரல் குசினியிலிருந்து கேட்டது.

கீதன் பிரஸ்ஸை மூடப் போனான்.

தட்டில் ஆறு ரவைகள் இருந்தன. அவன் வைத்தபடியே.

ஒன்றை எடுத்து நகத்தை ஓட்டினான். வழுக்கியது. பிறகு அவளுடைய மேசைக்குப் போய் அங்கே கிடந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். தட்டியது. ஆறையும் பார்த்தான். ஆறும் தட்டின.

புதிய ஆறையும் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவன் குசினிக்கு ஏறினான். நிலாணி, அடுத்த சனிக்கிழமை வருவதாக ஸ்டெபனிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அவற்றை வைத்தான்.

"நான் திருத்தினது இது."

அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அப்ப நான் போட்டது?"

"பழசு."

ஃபோனுக்குள் ஸ்டெபனி ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.