முப்பதாவது மாத்திரை

“அந்தச் செம்ப அங்குட்டு வை. நீ தொட்ட தண்ணிய நான் வாயில வைக்க மாட்டேன்னு எத்தன தடவ சொல்றது?” என்றார் முத்தரசு.

தச்சர் வீட்டுப் பெண்ணான ஹேமாவதி அவருக்கு மருமகளாகி ஆறு வருஷம். காரைக்குடியில் ஒரே வீட்டில் இருந்தும், சாதியைச் சொல்லி அவளை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை. கல்யாணத்தன்று அவள் பரிமாறிய இலையை, பந்தியே பார்க்க, சுருட்டித் தெருவில் வீசியவர். அந்த இலையை அவள் மறக்கவே இல்லை.

“மாத்திரைய முடிச்சிட்டீகளா மாமா?”

“இப்பத்தான் முப்பதாவதப் போட்டேன். நாலு மாச வயித்துப்போக்கு போன இடம் தெரியல. மாத்திரைக்குள்ள இருக்கது யாரோ ஒரு புண்ணியவான் குடல்ல இருந்த நல்ல கிருமியாம். என் குடல்ல ஒட்டிக் குடியேறிருச்சாம், இனி கெட்ட கிருமி அண்டாதாம். மதுரை டாக்டர் சொன்னாரு.”

“யாரோடதுன்னு சொன்னாரா?”

“டாக்டர் அதச் சொல்லக் கூடாதாம்.”

“டாக்டர்தான் சொல்லக் கூடாது. நான் சொல்லலாம்.”

முப்பதும் உள்ளே இறங்கட்டும் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தாள். செம்பை எடுத்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

“வீட்ல எல்லாரோடதையும் சோதிச்சாக மாமா. என்னோடது மட்டுந்தான் தேறுச்சு. குடலுக்குள்ள கைய விட்டா கிருமிய எடுப்பாக? மலத்துல இருந்துதான் எடுத்தாக. என் மலத்துல இருந்து. வாய் கொப்பளிக்கணும்னா, இந்தாங்க தண்ணி.”